கட்டித் தள்ளிய கப்பல்கள்: ‘சர்ன் அவுட்’டுக்கு எந்தத் தமிழ்?

இரண்டாம் உலகப்போர்க் காலத்து அமெரிக்கக் கப்பல் கட்டும் தளங்களைப் பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். லிபர்ட்டி கப்பல்கள் என்று பெயர். 1941 முதல் 1945 வரை பதினெட்டுத் தளங்களில் 2,710 சரக்குக் கப்பல்கள். தளங்கள் அவற்றை ‘சர்ன் அவுட்’ (churn out, எந்திரம் மாதிரி ஏராளமாகச் செய்வது) செய்தன என்று ஆங்கில மூலத்தில் இருந்தது. நான் அதிகம் யோசிக்கவில்லை. ‘கப்பல்களைக் கட்டித் தள்ளின’ என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

மாலையில் எடிட்டர் அக்காவிடமிருந்து போன்.

“தம்பி, கட்டினாங்க, சரி. எங்க தள்ளினாங்க, தண்ணிக்குள்ளயா?”

“இல்லக்கா, அது வேற தள்ளு. எழுதித் தள்ளுறான்னு சொல்வோமே, அந்தத் தள்ளு.”

“எனக்குத் தெரியுது. படிக்கிறவனுக்குத் தெரியணுமே. கப்பலைக் கட்டினா கடைசியில தண்ணிக்குள்ள தள்ளத்தான் செய்வாங்க.”

அவர் சொன்னதில் தப்பே இல்லை. வேறு எந்தப் பொருளாக இருந்திருந்தாலும் ‘தள்ளு’ துணைவினையாக ஓரமாக நின்றிருக்கும். கப்பல் வந்ததும் அது எழுந்து நின்று தன் சொந்த வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டது. அன்று ராத்திரி முழுக்க ஒரே ஒரு வினைச்சொல்லோடு உட்கார்ந்திருந்தேன். அப்போது எழுதி எழுதி அடித்ததைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன். மொழிபெயர்ப்பவர்கள், செய்தி எழுதுபவர்கள், சப்டைட்டில் போடுபவர்கள் எல்லோரும் வாரத்துக்கு ஒரு முறையாவது இந்தச் சொல்லில் இடறியிருப்பார்கள்.

முதலில் அந்த ஆங்கிலச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். சர்ன் என்றால் தயிரையோ பாலேட்டையோ கடைவது. கடையும் கலத்துக்கும் அதே பெயர். பெயர்ச்சொல் பழைய ஆங்கிலத்திலேயே உண்டு. வினையாக 15-ஆம் நூற்றாண்டில் புழங்கத் தொடங்கியது. எழுத்தைப் பற்றி, ‘எந்திரம் மாதிரி ஏராளமாக எழுதுவது’ என்ற பொருளில் ‘அவுட்’ ஒட்டிக்கொண்டு வந்தது மிகவும் பிந்தி, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். வெண்ணெய்க்கும் மட்டமான நாவலுக்கும் என்ன உறவு என்றால், பலனில் உறவு இல்லை, அசைவில்தான் உறவு. மத்து போய் வருகிறது, போய் வருகிறது. கையைத் தவிர வேறெதுவும் அதில் ஈடுபட வேண்டியதில்லை. அந்தச் சலிப்பைத்தான் ஆங்கிலம் எடுத்துக்கொண்டது, வெண்ணெயை விட்டுவிட்டது.

ஆக இந்தச் சொல் மூன்று சுமைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறது. நிறைய என்பது ஒன்று. நிற்காமல், ஒரே மாதிரி, இயந்திரகதியில் என்பது இரண்டு. ‘சரக்கு அப்படியொன்றும் விசேஷமில்லை’ என்ற இளக்காரம் மூன்றாவது. மூன்றையும் ஒரே மூச்சில் தூக்கக்கூடிய தமிழ்ச் சொல் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. அதனால் இந்த வாக்கியத்தில் மூன்றில் எதைக் கீழே போட்டாலும் பரவாயில்லை என்று ஒவ்வொரு முறையும் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

தானியங்கி மொழிபெயர்ப்பு தருகிற வழி ஒன்று உண்டு. அதை உடனே தள்ளிவிடலாம் (இது வேறு தள்ளு). ‘பல்கலைக்கழகங்கள் பட்டதாரிகளைக் கடைந்து வெளியேற்றுகின்றன’ என்ற வாக்கியம் திருத்தத்துக்காக ஒருமுறை என்னிடம் வந்தது. சிரித்துவிட்டு அடித்தேன். ஆனால் ஏன் அடித்தேன் என்று பிறகு யோசித்தபோது விஷயம் சிரிப்போடு முடியவில்லை. தமிழில் கடைந்தால் நல்லதுதான் வரும். கடைந்தால் வெண்ணெய், கடைந்தால் அமுதம். ‘கடைந்தெடுத்த அயோக்கியன்’ என்று திட்டும்போதுகூட அயோக்கியத்தனத்தின் சாரம் முழுவதும் அவனிடம் திரண்டு நிற்கிறது என்றுதான் அர்த்தம். மரத்தையும் உலோகத்தையும் சுழலவிட்டுச் செதுக்குவதற்கும் நாம் கடைவது என்றே சொல்கிறோம். அது கடைசல் வேலை. அங்கேயும் நுணுக்கம், பொறுமை, வழவழப்பு. ஒரே அசைவைப் பார்த்து ஒரு மொழி சலிப்பை நினைத்தது, இன்னொரு மொழி திரண்டு வருவதை நினைத்தது. அதனால் இந்த நேர் மொழிபெயர்ப்பு வெறுமனே கரடுமுரடானது மட்டுமல்ல, பொருளையே தலைகீழாக்கிவிடுகிறது. ‘கடைந்தெடுத்த பட்டதாரிகள்’ என்றால் தமிழில் அது பாராட்டாகக்கூட ஆகிவிடும்.

செய்தி அறைகள் பிடித்துவைத்திருக்கும் வழி ‘பெருமளவில் உற்பத்தி செய்’. இதில் ஆபத்து கிடையாது, உயிரும் கிடையாது. மூன்று சுமைகளில் முதலாவதை மட்டும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். எண்ணிக்கையும் தேதியும் மட்டுமே உள்ள செய்தியென்றால் இது போதும், அங்கே நானும் இதைத்தான் போடுவேன். கருத்துக் கட்டுரையிலோ விமர்சனத்திலோ இதைப் போட்டால், எழுதியவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னதை நாம் கைகட்டி நின்று சொன்னதுபோல் ஆகிவிடும். ‘அந்த எழுத்தாளர் நாவல்களைப் பெருமளவில் உற்பத்தி செய்தார்’ என்பதில் ‘உற்பத்தி’ என்ற சொல் நாவலோடு சேர்ந்ததால் கொஞ்சம் கிண்டல் தானாகவே ஒட்டிக்கொள்கிறது. கார், சிமெண்ட், உரம் என்றால் அதுவும் இல்லை.

இப்போது ‘தள்ளு’வுக்கு வருவோம். கப்பலில் கவிழ்ந்தாலும், ஆகக் கிட்டத்தில் வருவது இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எழுதித் தள்ளு, பேசித் தள்ளு, வாங்கித் தள்ளு, படமெடுத்துத் தள்ளு. அளவு இருக்கிறது, வேகம் இருக்கிறது, லேசான இளக்காரமும் இருக்கிறது. முதன்மை வினையை மாற்றிக்கொண்டால் எதற்கும் பொருந்தும் என்பதால், ஆங்கிலச் சொல்லைப் போலவே நாவல், அறிக்கை, பொம்மை, சட்டம் எதையும் தாங்கும். பேச்சிலும் எழுத்திலும் ஒன்றுபோல் இயல்பாக உட்காரும்.

ஆனால் நெருங்கிப் பார்த்தால் இரண்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம். ‘தள்ளு’வில் ஒரு வெறி இருக்கிறது. எழுதித் தள்ளுகிறவனுக்கு எழுத வேண்டும் என்ற வேகம் இருக்கிறது. நமக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, அவன் உற்சாகமாகத்தான் இருக்கிறான். அதனால்தான் ‘ஒரே ராத்திரியில எழுதித் தள்ளிட்டேன்’ என்று பெருமையாகவும் சொல்லிக்கொள்ள முடிகிறது. சர்ன் அவுட் செய்கிறவனுக்கு அந்த உற்சாகம் கிடையாது. அவன் மத்தை இழுத்துக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான். சாட்பாட் ஒன்று நிமிடத்துக்கு நிமிடம் கட்டுரை சர்ன் அவுட் செய்கிறது என்ற வாக்கியத்தை ‘எழுதித் தள்ளுகிறது’ என்று போட்டுப் பாருங்கள். அதற்கு ஏதோ எழுத்துப் பசி இருப்பதுபோல் ஆகிவிடுகிறது. எந்திரம் எழுவாயாக வரும் இடங்களில் எனக்கு ‘கக்கு’ பிடிக்கும். ‘கட்டுரைகளைக் கக்குகிறது’. கக்குவதில் விருப்பமும் இல்லை, தேர்வும் இல்லை, உள்ளே போனது வெளியே வருகிறது. கொஞ்சம் அருவருப்பு கூடிவிடும் என்பது உண்மைதான். ஆங்கிலத்தில் அது ‘ஸ்பூ அவுட்’ (spew out) பக்கம் சாய்ந்துவிட்ட பொருள். மூலத்தின் ஆசிரியர் அவ்வளவு கோபமாக இல்லையென்றால் கக்கவிடாதீர்கள். அந்த மாதிரிச் சரக்குக்கு ஆங்கிலத்தில் இப்போது ‘ஸ்லாப்’ (slop) என்று பெயர். பன்றிக்கு ஊற்றும் அடுக்களைக் கழிவுக்கு இருந்த சொல் அது. நம்மிடம் இருக்கும் ‘கழுநீர்’ அதற்கு எவ்வளவு அழகாகப் பொருந்தும்! யாரும் பயன்படுத்தக் காணோம்.

‘தள்ளு’வுக்கு இன்னொரு இடைஞ்சல், இலக்கணத்தில். ஆங்கிலம் இதைச் செயப்பாட்டு வினையில் அடிக்கடி போடும்: ‘ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான படங்கள் சர்ன் அவுட் செய்யப்படுகின்றன’. எழுவாயாக யாரும் இல்லை, யாரோ செய்கிறார்கள். இங்கே ‘எடுத்துத் தள்ளப்படுகின்றன’ என்று எழுதினால் வாய் வலிக்கும். ‘தள்ளப்படு’ என்பதற்கே தமிழில் வேறு தொழில் இருக்கிறது: வறுமைக்குத் தள்ளப்படுகிறார்கள், கட்டாயத்துக்குத் தள்ளப்படுகிறார்கள். அந்த வாசனை விடாது.

‘குவி’ கைகொடுப்பது இங்கேதான். அதற்கு இரண்டு முகம்: குவிக்கிறார்கள், குவிகின்றன. செய்கிறவன் தெரியாவிட்டால் ‘படங்கள் வந்து குவிகின்றன’ என்று முடித்துவிடலாம். ஆனால் ‘குவி’ இளக்காரம் காட்டாது. ரன் குவிப்பவரையும் சொத்து குவிப்பவரையும் அது ஒரே கண்ணால் பார்க்கிறது. தராசு சமமாக நிற்கும் சொல். அதனாலேயே எண்ணிக்கையை நம்பும் வாக்கியங்களுக்கு இது நல்லது. ஏளனம் வேண்டுமென்றால் பக்கத்தில் தனியாக வைக்க வேண்டும்: ‘ஏனோதானோவென்று எடுத்த படங்கள் வந்து குவிகின்றன’.

‘புற்றீசல் போல’ என்பது பத்திரிகைகளில் தேய்ந்து நூலாகிப்போன உவமை. அதில் தேய்மானத்தைவிடப் பெரிய குறை உண்டு. ஈசல் தானாகப் புறப்படுகிறது, யாரும் தயாரிப்பதில்லை. நிறுவனங்கள் புற்றீசல் போல முளைக்கின்றன என்றால் சரி. ஒரு நிறுவனம் பொருள்களைப் புற்றீசல் போல உற்பத்தி செய்கிறது என்றால் படம் உடைந்துவிடுகிறது. ‘ஒப்பேற்று’, ‘அவசரத்தில் அள்ளித் தெளித்த கோலம்’ போன்றவற்றில் தரக்குறைவு மட்டும் இருக்கிறது. ஒரே ஒரு பொருளை ஒருமுறை செய்தாலும் அவை பொருந்தும். சர்ன் அவுட்டுக்குக் குறைந்தது பத்துப் பன்னிரண்டாவது வேண்டும். ‘கிழி’ என்று ஆசைப்பட்டால் வம்பு. ‘எழுதிக் கிழிச்சான்’ என்றால் ஒன்றுமே எழுதவில்லை என்று அர்த்தம்!

பேச்சில் ஏளனத்தை ஏற்றுவதற்கு எனக்குப் பிடித்த தொடர் ‘கூலிக்கு மாரடிப்பது’. சாவு வீட்டில் தன் துக்கம் இல்லாமல் காசுக்காக அழுபவர்களிடமிருந்து வந்த தொடர், கடமைக்கு எழுதும் எழுத்துக்கு அப்படியே பொருந்துகிறது. ஆங்கிலத்தில் இப்படிக் காசுக்கு எழுதுகிறவருக்கு ‘ஹேக்’ (hack) என்று பெயர். வாடகைக் குதிரையின் பெயரிலிருந்து வந்தது. 18-ஆம் நூற்றாண்டு லண்டனில் இப்படி மாரடித்தவர்கள் கிரப் ஸ்ட்ரீட் என்ற தெருவில் நிறையப் பேர் இருந்தார்கள். சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட அகராதியில் அந்தத் தெருப் பெயரையே ஒரு சொல்லாகச் சேர்த்து, சின்னச் சின்ன வரலாறுகளும் அகராதிகளும் அற்பாயுள் கவிதைகளும் எழுதுகிறவர்கள் குடியிருக்கும் தெரு என்று விளக்கம் கொடுத்தார். பட்டியலில் அகராதியும் இருப்பதைக் கவனியுங்கள். மனுஷன் தன் மாரையும் சேர்த்து அடித்துக்கொள்கிறார். அந்தத் தெருவுக்கு 1830-இல் மில்டன் ஸ்ட்ரீட் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். சொல் மட்டும் ஆங்கிலத்தில் தங்கிவிட்டது.

எழுத்தைப் பற்றிச் சொல்லும்போது, இந்த ஏளனம் நியாயமா என்ற கேள்வியும் மொழிபெயர்ப்பவரின் மேசைக்கு வந்துவிடுகிறது. ஆந்தனி டிரோலப் விக்டோரியா காலத்து நாவலாசிரியர், அஞ்சல் துறை உத்தியோகஸ்தர். விடியற்காலையில் எழுந்து, கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்று கணக்கு வைத்து எழுதியவர். மொத்தம் 47 நாவல்கள். அவர் இறந்த மறு ஆண்டு, 1883-இல், தன்வரலாறு வெளியாகி இந்தக் கணக்கு ஊருக்குத் தெரிந்தபோது அவருடைய மதிப்பு சரிந்தது. நாவல்கள் முந்தைய நாள் இருந்த அதே நாவல்கள்தான். பிற்பாடு மதிப்பு மறுபடி ஏறியது. அவரைப் பற்றி ‘சர்ன் அவுட்’ என்று எழுதுகிற ஒரு ஆங்கில விமர்சகரை நான் மொழிபெயர்த்தால் ‘எழுதித் தள்ளினார்’ என்று போட மாட்டேன். டிரோலப்பிடம் இருந்தது வெறியில்லை, கடிகாரம். ‘மணியடித்தாற்போல் நாவல் நாவலாக எழுதிக்கொண்டே போனார்’ என்று போடுவேன். மூன்று சுமையில் இரண்டாவதுதான் அங்கே கனம். ஏளனம் விமர்சகருடையது, அவர் அடுத்த வாக்கியத்தில் எப்படியும் அதைக் கொட்டுவார், நான் ஏன் முந்திக்கொள்ள வேண்டும்?

மனிதர்கள் செயப்படுபொருளாக வரும் இடத்தில் கணக்கு வேறு. மேலே கிண்டல் செய்த அதே பல்கலைக்கழக வாக்கியம்: ‘ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் பட்டதாரிகளை உற்பத்தி செய்து வெளியே தள்ளுகின்றன’. இங்கே ‘தள்ளு’ தன் நேர்ப்பொருளோடு எழுந்து நிற்கிறது, கப்பலில் நின்றதுபோலவே. ஆனால் இங்கே அது வேண்டியதாக இருக்கிறது. கதவைத் திறந்து, முதுகில் கைவைத்து, போ என்று. கப்பலில் குழப்பம் செய்த அதே சொல் இங்கே மூலத்தைவிடக் கூர்மையாக வேலை செய்கிறது. ‘உற்பத்தி’ மனிதனைச் சரக்காக்குகிறது, ‘வெளியே தள்ளு’ அவனை அனாதையாக்குகிறது. இந்த ஒரு வாக்கியத்தில் தமிழ் ஆங்கிலத்தை வென்றுவிட்டது என்றே சொல்வேன்.

எதிர்த்திசையில், ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அங்கே சர்ன் அவுட்டுக்குப் பங்காளிகள் ஏராளம். ‘கிராங்க் அவுட்’ கைப்பிடியைச் சுழற்றுகிற படம். எடிசனின் காப்புரிமைக்கு உரிமம் பெற்று ஏ. பி. டிக் 1887-இல் மிமியோகிராஃப் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தாரே, அந்த நகலெடுக்கும் பெட்டியின் பிற்கால உருளை மாடல்களை நினைத்துக்கொள்ளலாம். சுழற்றச் சுழற்றத் தாள் வரும். இதில் இளக்காரம் குறைவு. ‘இன்றைக்கு மூன்று அறிக்கை கிராங்க் அவுட் செய்தேன்’ என்று வெட்கமில்லாமல் தன்னைப் பற்றியே சொல்லிக்கொள்ளலாம். சர்ன் அவுட்டைத் தன்னைப் பற்றிச் சொன்னால் அது சுய கிண்டல். ‘பம்ப் அவுட்’ தடையில்லாமல் கொட்டுவது. ‘டேஷ் ஆஃப்’ வேகம் மட்டுமே; ஒரு கடிதம், ஒரு குறிப்பு. ‘கிரைண்ட் அவுட்’டில் செய்கிறவனின் முதுகு வலிக்கிறது. ‘நாக் அவுட்’ பிரிட்டனில் சகஜம், மற்ற இடங்களில் குத்துச்சண்டை மேடை ஞாபகத்துக்கு வந்து தொலைக்கும்.

எந்த நிறமும் வேண்டாமென்றால் ‘டர்ன் அவுட்’. இதில் ஒரு வேடிக்கை: டர்ன் என்ற சொல்லை வேர்வரை தோண்டினால் லத்தீன் வழியாகக் கிரேக்கத்தின் கடைசல் எந்திரத்தில் போய் முடிகிறது. ஆக, நம் ‘கடை’க்கு உண்மையான சொந்தக்காரர் சர்ன் அவுட் இல்லை, டர்ன் அவுட்தான். ஒழுங்காகச் செய்து கொடுத்தார்கள் என்பதற்கும் இதைப் பயன்படுத்தலாம். ‘கடைசியில் அப்படி ஆகிவிட்டது’ என்ற பொருளும் இதே சொல்லுக்கு இருப்பதால் வாக்கியத்தில் இடம் பார்த்து வைக்க வேண்டும். இன்னொன்று: ‘அவுட்’டை விட்டுவிட்டு ‘சர்ன்’ மட்டும் எழுதிவிடாதீர்கள். தனியாக நின்றால் அது கலங்குவது, புரட்டுவது, வணிகத்தில் வாடிக்கையாளர் விட்டுப்போவது என்று வேறெங்கோ போய்விடும். ‘அவற்றை’ என்ற பிரதிப்பெயர் வந்தால் அது இரண்டு சொல்லுக்கும் நடுவில்தான் உட்கார வேண்டும், கடைசியில் போகக்கூடாது.

சரி, கப்பலுக்குத் திரும்புவோம். அன்று ராத்திரி முதலில் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது, அந்த இடத்தில் இளக்காரம் தேவையா என்பது. ஆங்கிலத்தில் இது பெரும்பாலும் செயப்படுபொருளைப் பொறுத்தது. நாவல், கட்டுரை, சினிமா என்றால் ஏளனம் நிச்சயம். கார், விமானம், கப்பல் என்றால் பல நேரம் வெறும் வியப்புதான். 1913-இல் ஃபோர்டின் ஹைலேண்ட் பார்க் ஆலையில் நகரும் உற்பத்தி வரிசை வந்த பிறகு, ஒரு காரின் அடிச்சட்டத்தைப் பூட்டப் பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த வேலை அடுத்த ஆண்டுக்குள் 93 நிமிடமாகச் சுருங்கியது. அந்தக் கார்களை சர்ன் அவுட் செய்தார்கள் என்று எழுதுகிறவர் யாரும் மூக்கைச் சுளிப்பதில்லை.

லிபர்ட்டி கப்பல் இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றது. முதல் கப்பல் பேட்ரிக் ஹென்றி 1941 செப்டம்பரில் தண்ணீரில் இறங்கியது. முழுதாக முடிய எட்டு மாதம் பிடித்தது. போர் நடுவில் சராசரி 42 நாளாக இறங்கிவிட்டது. 1942 நவம்பரில் கலிஃபோர்னியாவின் ரிச்மண்ட் தளத்தில் ராபர்ட் ஈ. பியரி என்ற கப்பலை, அடிக்கட்டை போட்டதிலிருந்து நாலு நாள் பதினைந்தரை மணி நேரத்தில் தண்ணீருக்குள் இறக்கிக் காட்டினார்கள். பாகங்களை முன்கூட்டியே செய்து அடுக்கிவைத்திருந்தார்கள் என்பது வேறு. விளம்பரத்துக்காகச் செய்த வித்தைதான். ரிவிட் அடிப்பதற்குப் பதில் வெல்டிங். ஐந்து வருஷம் தாங்கினால் போதும் என்ற கணக்கு.

இதெல்லாம் படிக்கும்போது ‘ஒப்பேற்றினார்கள்’ என்று சொல்லத்தான் தோன்றும். அதற்கு ஆதாரமும் இருந்தது. சில கப்பல்களின் உடலில் விரிசல் ஓடியது, சில இரண்டாகவே பிளந்தன. வெல்டிங் செய்தவர்களின் அவசரம்தான் காரணம் என்று பேச்சு. கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற உலோகவியலாளர் ஆராய்ந்து, கோளாறு எஃகிலேயே இருக்கிறது என்று காட்டினார். வடக்கு அட்லாண்டிக்கின் குளிரில் அந்த எஃகு கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். ரிவிட் அடித்த கப்பலாக இருந்தால் விரிசல் ஒரு தகட்டின் விளிம்போடு நின்றிருக்கும். வெல்டிங் செய்து ஒரே உடலாக்கியதால் அது நிற்காமல் ஓடியது. அவசரத்தில் செய்த மட்டமான வேலை என்று ஒரே வார்த்தையில் அடைத்துவிட முடியாத கதை. நாலே முக்கால் நாள்கூட ஆகாமல் தண்ணீரில் இறங்கிய அந்தப் பியரி போர் முடியும்வரை ஓடி, 1963-இல்தான் உடைக்கப்பட்டது. ஜெரமையா ஓ’பிரையன் என்ற கப்பல் 1994-இல், நார்மண்டித் தரையிறக்கத்தின் ஐம்பதாம் ஆண்டுக்காக, சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தன் சொந்த எஞ்சினில் பிரான்ஸ்வரை போய்த் திரும்பியது.

இந்தக் கப்பல்களை இளக்காரமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கட்டுரையாளரும் அந்தப் பத்தியில் எங்கேயும் சுளிக்கவில்லை. ஆக மூன்றாவது சுமையைக் கீழே வைத்துவிட்டேன். மீதி இரண்டு: எண்ணிக்கை, நிற்காமை. ‘கட்டிக் குவித்தன’ என்று எழுதி அக்காவுக்கு அனுப்பினேன். பதில் குறுஞ்செய்தியாக வந்தது: “கப்பலை எப்படிடா குவிப்ப? ஒண்ணு மேல ஒண்ணா?”

அதுவும் சரிதான். தம்பி ‘டா’வாக மாறியதில் நேரமாகிவிட்டது என்பதும் தெரிந்தது. குவிவதற்குச் சின்னப் பொருள் வேண்டும், இல்லையென்றால் ரன், சொத்து, புகழ் மாதிரி உருவம் இல்லாதது வேண்டும். நூற்றிமுப்பத்தைந்து மீட்டர் நீளமுள்ள ஒன்றைக் குவிக்க முடியாது.

அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2,710 கப்பல், ஏறத்தாழ நாலு வருஷம். நாளுக்கு ஒன்றுக்கு மேல் வருகிறது. எண்ணிக்கைச் சுமையை அந்தக் கணக்கே தூக்கிக்கொள்ளும், அதற்கென்று ஒரு வினை தேவையில்லை. நிற்காமைக்கு நம்மிடம் துணைவினை ஒன்று ரொம்ப நாளாக இருக்கிறது, அதிகம் கவனிக்காமல் பேசிக்கொண்டே இருக்கிறோம்: ‘கொண்டே இரு’. மத்து போய் வருகிற அந்த அசைவு முழுவதும் அதில் இருக்கிறது. தள்ளியதா இறக்கியதா என்ற சிக்கலையும் ஒளிக்காமல் நேராகவே எழுதிவிட்டேன்: ‘நாளுக்கு ஒன்றுக்கு மேல் என்ற கணக்கில், தளங்கள் கப்பலைக் கட்டிக் கட்டித் தண்ணீரில் இறக்கிக்கொண்டே இருந்தன.’

போன் வந்தது.

“இப்ப சரி. தண்ணி வேணும்னே வந்திருக்கு, பரவாயில்ல. நீ அடுத்த பக்கம் பாத்தியா? வெல்டர்களை மூணே மாசத்துல ‘சர்ன் அவுட்’ பண்ணாங்கன்னு இருக்கு.”